சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் வைத்த வைஃபை பெட்டி

மலேசியாவில், எங்கள் கிள்ளான் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் என் சீர்த்தட்டுகள் இருக்கின்றன. இருபத்தொரு தட்டு, எல்லாம் நல்ல கனமான உலோகம். இந்த வட்டாரத்தில் எத்தனையோ கல்யாணங்களுக்கு அவை போய் வந்திருக்கின்றன. "வாடகைக்கு எடுக்கிற தட்டுல இந்தக் கனம் இல்லக்கா" என்று இரவல் கேட்டு வருகிறவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

போன தீபாவளிக்கு முதல் நாள், டிவி மேல் இருந்த வைஃபை பெட்டி என் கண்ணை உறுத்தியது. இரண்டு கொம்பும் கறுப்பு வயரும் தூசியுமாக இருந்தது. மறுநாள் ஓப்பன் ஹவுஸ். சம்பந்தி வீட்டார், கோயில்காரர்கள், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் எல்லாரும் வருவார்கள். பெட்டியை எடுத்து அலமாரியின் கீழ் அடுக்கில் வைத்தேன். முன்னால் தட்டுகளை நிறுத்தி மறைத்தேன். வயரைப் பின்பக்க ஓட்டை வழியாக விட்டுக் கதவைப் பூட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் வேலை செய்கிறது என்றுதான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவதோடு நின்ற எனக்குத் தெரியும்.

பண்டிகை முடிந்தது. பெட்டியை நான் வெளியே எடுக்கவில்லை. கூடம் பார்க்க அழகாக இருந்தது.

என் மருமகள் பின் அறையில் உட்கார்ந்து, லேப்டாப் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கிய வாரமே என்னிடம் வந்தாள்.

"அத்தை, பெட்டிய வெளிய வச்சுப் பாக்கலாமா? உள்ள இருக்கிறதால லைன் கம்மியா வருதோ என்னமோ."

"விளக்கு எரியுதுல்ல? என் அலமாரி என்ன பண்ணுச்சு? உன் லேப்டாப்பு பழசு, மொதல்ல அதப் பாரு."

சரி அத்தை என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

அவள் கேட்காததுதான் எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. சமையலறையில் நின்றால் அவள் குரல் கேட்கும். "இப்பக் கேக்குதாம்மா? இப்ப?" ஒரு கணக்கை மூன்று தடவை சொல்வாள். நான் குழாயை வேகமாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன்.

கேரி தீவிலிருந்து ஒரு பெண் பிள்ளை புதன்கிழமை ஐந்து மணிக்கு அவளிடம் படித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் படிவம், பரீட்சை வருஷம். ஒரு நாள் அந்தப் பிள்ளையின் தாய் போனில் பேசி அனுப்பியிருந்ததை மருமகள் சமையலறையில் வைத்துக் கேட்டாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைக்குப் பாதிதான் கேக்குது, மீதி கட்டாயிடுது. பரீட்சை வருஷம் லா. வேற இடத்துல சேத்துட்டோம்."

இரண்டாம் தடவையும் கேட்டாள். பிறகு அரிசி களைய உட்கார்ந்தாள். யார் என்று கேட்டேன். "ஒரு பிள்ளையோட அம்மா அத்தை" என்றாள். அவ்வளவுதான்.

என் மகன் துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. வகுப்பு கெடுகிறது என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை புது ரௌட்டர் வாங்கிவிடலாம் என்றான். வாங்குவதற்கு முன் பழையதைப் பார்த்துவிடுவோம் என்று பெட்டியைத் தேடினான். நான் சாவியோடு போய் அலமாரியைத் திறந்தேன்.

முதலில் பெட்டியை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டான். வயரைப் பிடுங்கிச் சொருகினான். கைப்பேசியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், லைன் நன்றாக இருந்தது. பின் அறைக்குப் போய்ப் பார்த்தான், ஒரு கோடுதான் இருந்தது. திரும்பி வந்து பெட்டியை வெளியே எடுத்துக் கூடத்து மேசைமேல் வைத்தான். மறுபடி பின் அறைக்குப் போனவன் அங்கிருந்தே சத்தம் போட்டான்.

"வந்துருச்சு. எல்லாக் கோடும் வந்துருச்சு."

வெளியே வந்து தட்டுகளைப் பார்த்தான். "இத்தன தட்டுக்குப் பின்னால வச்சா லைன் எப்படிப் போவும்? டின்னுக்குள்ள போட்டு அடைச்ச மாதிரி லா. யாரு வச்சது?"

சாவி என் கையில் இருந்தது.

"நான்தான். ஓப்பன் ஹவுஸுக்குப் பாக்க அசிங்கமா இருந்துச்சு" என்றாள் மருமகள்.

"நீயா? இவங்கதான் கணக்கு டீச்சராம்." அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்ல வேள, கடைக்குப் போவல."

அவளும் சிரித்தாள். நான் தட்டுகளைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். இந்த வயதில் இப்படி ஒரு பொய்க்குப் பின்னால் ஒளிந்தேன்.

மூன்று நாள் அந்த அலமாரியை நான் திறக்கவே இல்லை. நான்காம் நாள் மருமகளின் கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"அந்தக் கேரி தீவுப் பிள்ளையோட அம்மாவுக்கு அடிச்சுக் குடு."

"எதுக்கு அத்தை?"

"குடு சொல்றேன்."

அவள் பக்கத்தில் நிற்கும்போதே பேசினேன். டீச்சர் மேல் தப்பு இல்லை, நான்தான் பெட்டியை மறைத்து வைத்தேன், எடுக்கச் சொன்னபோதும் எடுக்கவில்லை என்றேன். அந்தம்மா பதறிப்போனார்.

"பெரியவங்க நீங்க, இதெல்லாம் எதுக்கும்மா எங்கிட்ட... ஆனா பிள்ள அங்க ஒட்டிக்கிச்சு. இனிமே மாத்துனா கொழம்பிடும் லா."

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று சாப்பிடும்போது மகனிடமும் சொன்னேன். அவன் கையை இலையிலிருந்து எடுக்காமல் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அப்புறம் ஏன் நீ வச்சேன்னு சொன்ன?"

"என்னப் பாத்துத்தான நீங்க சிரிச்சீங்க. அது பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

பெட்டி இப்போது கூடத்து மேசைமேல் எல்லாரும் பார்க்கத்தான் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது. புதன்கிழமை ஐந்து மணிக்கு மட்டும் அவள் பின் அறையில் இருப்பதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். வேறு பிள்ளை யாராவது சேர்ந்ததா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.