முதல் இரண்டு சுரம்

அந்தப் பாட்டில் சொற்களே கிடையாது. மேற்கத்திய இசைக்காரர் ஒருவர், ஒரு குரல் 'ஆ' என்ற ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு பாடுவதற்காக எழுதியது. பின்னால் வந்தவர்கள் அதை வயலினுக்கு, செல்லோவுக்கு, புல்லாங்குழலுக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த என் மனைவி, அங்கே நடந்த கச்சேரியில் அதைச் செல்லோவில் கேட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு பாட்டு அதிகம் ஒலிக்கவில்லை.

நான் பம்புசெட் கம்பெனியில் தரம் பார்ப்பவன். எதையும் வகைபிரித்து வைத்தால்தான் எனக்குச் சரிப்படும். அந்தப் பாட்டுக்கு அவள் தேடிப் பிடித்த பதிவுகளையெல்லாம் வாத்தியவாரியாக அவள் போனில் அடுக்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டுத் தீர்ப்புச் சொல்வாள். சாக்ஸபோன் வந்தபோது, "ஏனுங்க, இதக் கேட்டா பந்திக்கு எலை போட்டாச்சான்னு பாக்கத் தோணுதுங்க" என்றாள்.

பக்கவாதம் வந்ததில் அவளுடைய வலது கையும் பேச்சும் போயின. நாங்கள் சொல்வது புரிந்தது, பதில் வரவில்லை. ஆனால் செல்லோவைப் போட்டால் சுரம் பிசகாமல் கூடவே முனகினாள்.

பேச்சுப் பயிற்சி தர வீட்டுக்கு வந்த பெண் சென்னைக்காரர். முதல் நாள் என்னைக் காட்டி, "சார் பேரு என்ன? சொல்லுங்க பாக்கலாம்" என்றார். என் மனைவி லேசாகச் சிரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் தாளில் பெருக்கல் குறி போட்டார்.

தாராபுரத்திலிருந்து துணைக்கு வந்திருந்த என் கொழுந்தியாளுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா நல்லா இருக்கறப்பவே மாமா பேரச் சொன்னதில்லீங்க. அதுக்கு மார்க் கொறைக்காதீங்க."

"அப்ப எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ஏனுங்கன்னுதான்."

"சரி, அதையே வர வைப்போம்" என்றார் அந்தப் பெண். பேச முடியாத சிலருக்கு, தெரிந்த மெட்டில் வைத்துப் பாடினால் சொல் வருமாம். பாட்டின் முதல் இரண்டு சுரத்தில் 'ஏனுங்க'வை ஏற்றிப் பாடச் சொன்னார். தினமும் காலையில் குளித்ததும் அவள் எதிரே உட்கார்ந்தேன். எனக்குக் குரல் கிடையாது, பாடினேன். அவள் சுரத்தைப் பிடித்தாள். சொல் மட்டும் வரவில்லை. இன்னொரு முறை சொல்லேன், சொல்லேன் என்று நான் விடாமல் கேட்ட ஒரு நாள், இடது கையால் என் வாயைப் பொத்தினாள். அதன்பிறகு நான் அந்தப் பாட்டில் சொல் எதையும் சேர்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழிருந்து அந்த இரண்டு சுரம் கேட்டது. தானாகப் பாடுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் அதே இரண்டு, இன்னும் உரக்க. இறங்கிப் போனால் தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டாமல் உருண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து அதுதான் அழைப்பு. "வாரேன் அம்மணி" என்று நான் குரல் கொடுத்தால் அடங்கிவிடும். பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் சொன்னேன். "அது சொல் இல்லைங்களே சார்" என்றார் வருத்தமாக. எனக்கு அது போதுமாயிருந்தது.

மழைக்காலத்தில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் குழாய் போட்டிருந்தார்கள். அவளால் எந்த ஒலியும் எழுப்ப முடியவில்லை. நான் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். கூப்பிடாமலே போய்விட்டாள்.

காரியங்களெல்லாம் முடிந்து, ஊருக்குக் கிளம்பும்போது கொழுந்தியாள் தன் அக்காவின் போனைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தாள். "பாட்டாவது கேளுங்க மாமா. ஊடே கம்முனு கெடக்குது."

நேற்று சாயங்காலம் செல்லோவைப் போட்டேன். முதல் இரண்டு சுரம் காதில் விழுந்ததும் எழுந்துவிட்டேன். "வாரேன் அம்மணி" என்றேன். படுக்கையறை வாசல் வரைக்கும் போய் நின்றேன்.

அவள் நிறுத்தும் இடத்தில் செல்லோ நிற்கவில்லை. மூன்றாவது சுரத்துக்குப் போய், மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது, நான் இன்னும் வந்து சேராதது போல.