லேபிளில் இல்லாத வாசனை

காய்ச்சல் விட்டுப் பதினோரு வாரமாகியும் எனக்கு வாசனை திரும்பவில்லை. இது உத்தேசக் கணக்கில்லை. தினமும் காலையில் காபித் தூளை முகர்ந்து பார்த்துக் காலண்டரில் பூஜ்யம் போட்டுவந்தேன். சிலருக்கு வராமலே போய்விடுவதும் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு மதியம் ஹைதராபாத் சைனிக்புரியில் அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டாளத்தில் ஓய்வுபெற்ற அத்தான், மகள் விமான நிலையத்தில் வாங்கிவந்த ஸ்காட்ச் விஸ்கியைத் திறந்தார். ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் கடைசிச் சில மாதங்கள் ஊறவைத்த சரக்கு. அக்கா கழுவித் துடைத்துக் கொடுத்த கிளாஸில் ஊற்றினார்.

முகர்ந்தேன். "உலர்திராட்சை. அத்திப்பழம். கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்."

"வந்துருச்சா?" என்று அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.

அத்தான் பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். "நக்கோ மாப்ளே, அதெல்லாம் வேணாம். இந்த மூணையும்தான் இங்க அச்சடிச்சிருக்கான்."

பாட்டிலைத் திறக்கும்போதே லேபிள் என் கண்ணில் பட்டிருந்தது. ஷெர்ரி பீப்பாய் என்றால் என்ன மணக்கவேண்டும் என்று முன்பே படித்தும் இருந்தேன். மூக்கு சொன்னதா, படிப்பு சொன்னதா என்று எனக்கே நிச்சயமில்லை.

"கண்ணை மூடு" என்றார் அத்தான். ஷோகேஸ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. புதிய கிளாஸ் ஒன்று மூக்கருகே வந்தது.

"சொல்லு. திராட்சையா, அத்தியா?"

"ரெண்டும் இல்ல அத்தான். அந்துருண்டை."

கண்ணைத் திறந்தேன். கிளாஸ் காலி. லேபிளில் படித்ததையே மறுபடி ஒப்பிப்பேன் என்று எனக்கு வைத்த பொறி அது.

"ஷோகேஸ்ல பூச்சி வருதுன்னு நான்தாண்டா உள்ள போட்டு வச்சேன்" என்றாள் அக்கா. "இவருக்கே தெரியாதே!"

"விருந்தாளிக்கு வச்ச கிளாஸ்ல அந்துருண்டையா?" என்று அத்தான் எகிறினார்.

"போட்டதாலதானே என் தம்பிக்கு மூக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுது? சும்மா இருங்க."

நான் அந்தக் காலிக் கிளாஸைக் கையில் வாங்கி மறுபடி முகர்ந்தேன். அதே நெடி. கண் கலங்கிவிட்டது.

"அந்துருண்டைக்கு அழற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அத்தான்.

பிறகுதான் விஸ்கியைக் குடித்தேன். இனிப்பாக, கதகதப்பாக இறங்கியது. திராட்சை தெரிகிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.