சாய்கோட்டுக்குப் பின்னால் அப்பா

என் பிஸ்கட் டின்னில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய இரண்டு கார்டுகள் இருக்கின்றன. வெளிர் மஞ்சள் அட்டை, மூலையெல்லாம் மழுங்கிவிட்டது. வேலைக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் சுவர்க் கடிகாரத்தின் வாயில் சொருகி ‘டக்’கென்று அடிக்கிற பஞ்ச் கார்டு. ஒன்றில் ஆங்கில எழுத்தில் ‘ஆறுமுகம் ஏ’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘ஆறுமுகம் ஏ/எல் சின்னச்சாமி’ என்று இருக்கும். இரண்டும் நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த டின்னை ஏன் திறந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பெரியவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள். “அப்பா, அப்டேட் போட்டதுல இருந்து ஆன்டிவைரஸ் பிரவுசரைத் திறக்கவே விடமாட்டேங்குது லா! நேத்து வரைக்கும் ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு.” சின்னவன் அந்தப் பக்கம் இருந்துகொண்டு, “பிரவுசர்லதான் என்னமோ புகுந்துருச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற போடுக்கா” என்றான். நான், “கொஞ்சம் பொறுங்க” என்றேன். இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். உங்கள் அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, நிஜம்தான். ஆனால் ஜாகா வேலை தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் செமோர் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் மரங்கள் சாய்ந்ததும் சனங்கள் ஈப்போவைச் சுற்றிக் கிடைத்த வேலைகளுக்குப் போனார்கள். எனக்கு ஜெலாப்பாங்கில் கையுறை செய்கிற ஒரு தொழிற்சாலையில் வாசல் காவல் கிடைத்தது. அதைத்தான் ஜாகா வேலை என்போம். மலாய்ச் சொல், ஆனால் எங்கள் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது. என்னை வேலைக்கு எடுத்தவர் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட பெரிய கிராணியார், அதாவது தலைமைக் குமாஸ்தா. சிலோன் தமிழர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, குரலை உயர்த்தவும் மாட்டார். முதல் நாளே ஒரே ஒரு விதி சொன்னார்: படம் ஒட்டிய வேலைப் பாஸில் இருக்கிற முகமும் வருகிற முகமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடக்கூடாது.

நான் சேர்ந்த வாரம்தான் தைப்பூசம் முடிந்திருந்தது. காலை ஷிப்டுக்கு மொட்டைத் தலையோடு ஒரு பெண் வந்து பாஸை நீட்டினார். படத்தில் இரட்டை ஜடை.

“இது யாரோட பாஸ்?”

“என்னோடதுதாண்ணே.”

“படத்துல ஜடை இருக்கே.”

“குகைக் கோயில்ல எறக்கிட்டு வந்துட்டேன். வேணும்னா போய்க் கேட்டு எடுத்தாரவா?”

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. “ஜாகாண்ணே, நீங்க மீசையை எடுத்துறாதீங்க. நாளைக்கு உங்களை நீங்களே உள்ள விடமாட்டீங்க லா!” என்று ஒருவன் கத்தினான். எனக்குக் காது சூடாகிவிட்டது, ஆனாலும் விடவில்லை. விதி என்றால் விதி. அரை மணி நேரம் வெயிலில் நின்றார். கடைசியில் கிராணியாரே இறங்கி வந்தார். “என்ன ஆறுமுகம், ஆளைத் தெரியேல்லையோ? உவ எங்கட கம்ப்யூட்டர்ப் பிள்ளை. தலையைப் பார்க்காதையும், ஆளைப் பாரும்” என்றார். அந்தச் சொல் பிற்பாடு எனக்கு எவ்வளவு உதவப் போகிறது என்று அன்றைக்குத் தெரியாது.

தொழிற்சாலை முழுக்க அவரைக் ‘கம்ப்யூட்டர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிடச் சின்னவர், இருந்தாலும் நானும் அப்படியே கூப்பிட்டேன். சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறி ஈப்போ டவுனுக்குப் போய்க் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்காருவார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, தம்பி தங்கை பள்ளிக்கூடத்தில். அந்தக் குடும்பம் முழுவதும் அவருடைய ஒரு பாஸில்தான் நின்றது.

அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். டவுனில் ஒரு கடை விற்ற பெயர்ப்பட்டியல் புரோகிராம் அதில் ஓடியது. எங்கள் கார்டுகளில் பெயர் அடிப்பது அதன் வேலை. சீனர் பெயர் ஒழுங்காக வந்தது, மலாய்க்காரர் பெயர் ஒழுங்காக வந்தது. நம் பெயரில்தான் இன்னாருடைய மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி என்று அப்பா பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு வருமே, அந்தக் கோட்டைக் கண்டதும் புரோகிராம் நின்றுவிடும். அதற்குச் சாய்கோடு என்றால் ‘இதோடு முடிந்தது’ என்று அர்த்தமாம். ஆகவே கார்டில் நாங்கள் எல்லோரும் ‘ஏ’ ஆனோம். லெட்சுமி ஏ மட்டும் ஐந்து பேர். ஆறுமுகம் ஏ மூன்று பேர். ஒரு நாள் நான் அவசரத்தில் வேறோர் ஆறுமுகத்தின் கார்டை அடித்துவிட்டேன். இயந்திரத்தின் முன்னால் நின்று வேர்வை சிந்திய அந்த மனுஷன் அன்றைக்கு வேலைக்கே வராதவர் ஆனார். சாப்பாட்டு நேரத்தில், “டேய் ஏ! சம்பால் கொஞ்சம் தள்ளு” என்று கேலி பேசிச் சிரிப்போம்.

என்னால் முழுக்கச் சிரிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் என் அப்பா இறந்திருந்தார். தோட்டத்தில் விடியக் கருக்கலில் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆள் கூடும்போது கங்காணி என்னை ஆறுமுகம் என்று கூப்பிட்டதே இல்லை, ‘சின்னச்சாமி மவன்’ என்றுதான் கூப்பிடுவார். முப்பது வருடம் அதே மரங்களைச் சீவியவரின் பெயரை ஒரு கோடு வெட்டிவிட்டதே என்று ஒரு நாள் வாசலில் வைத்து அக்காவிடம் சொன்னேன். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது. “பாக்குறேண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் புரோகிராமை ஒரு டிஸ்கெட்டில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய், அங்கிருந்த வாத்தியாரிடம் எந்த இடம் என்று கேட்டு, சாய்கோட்டையும் ஒரு சாதாரண எழுத்தாக நினைக்கும்படி மாற்றிக் கொண்டுவந்தார். முதலில் அடித்த கார்டு என்னுடையது. காலையில் பாஸோடு சேர்த்து நீட்டி, “அப்பாவைக் கூட்டியாந்துட்டேண்ணே” என்றார். கிராணியாரிடமும், “பேரெல்லாம் சரியாயிருச்சு சார்” என்று சொல்லியிருக்கிறார். அவரோ கடைக்காரர்கள்தான் செய்தார்கள் என்று எண்ணி, தலை நிமிராமல், “நல்லது” என்றிருக்கிறார்.

அப்போது டிஸ்கெட் வழியாகப் பரவுகிற கம்ப்யூட்டர் வைரஸ் என்று ஒரு பேச்சு ஈப்போவில் அடிபட்டது. அதே கடை அதற்கு ஒரு காவல் புரோகிராமும் விற்றது. கிராணியார் வாங்கிப் போட்டார், அக்கா அதற்கு ‘ஜாகா’ என்று பெயர் வைத்தார். “உங்க ஆளு உள்ளயும் ஒருத்தர் இருக்காருண்ணே” என்று என்னைக் கிண்டல் செய்வார். சில மாதம் அந்த ஜாகாவும் பெயர்ப்பட்டியலும் சண்டையில்லாமல்தான் இருந்தன. பிறகு கடையிலிருந்து ஜாகாவின் புதிய டிஸ்கெட் ஒன்று வந்தது. இந்தக் காலத்தில் நீங்கள் அப்டேட் என்கிறீர்களே, அதுதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை பெயர்ப்பட்டியல் திறக்கவில்லை. திரை சிவந்து, பீப் பீப்பென்று கத்தி, ‘இந்தப் புரோகிராம் மாற்றப்பட்டிருக்கிறது, வைரஸாக இருக்கலாம்’ என்று நின்றுவிட்டது. செய்தி கேன்டீன் வரை ஓடியது. தரை துடைக்கிற அம்மா மருந்துத் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டு கீபோர்டைத் துடைக்கப் போனாராம். கிராணியார் கடைக்குப் போன் போட்டார். வெளியிலிருந்து யாராவது டிஸ்கெட் கொண்டுவந்திருப்பார்கள், அழித்துவிட்டு அசலைப் போடுங்கள் என்று பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கா கைப்பையோடு வாசலுக்கு வந்தார். “பாஸைக் குடுத்துட்டுப் போவச் சொல்லிட்டாருண்ணே. லெட்டர் வர்ற வரைக்கும் வரக்கூடாதாம்.” நான் கை நீட்டி வாங்கினேன். ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். உங்களிடம் இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் கேட்டேன். “என்னக்கா, யாரோட சாலா? யார் மேல தப்பு?”

“யார் சாலாவும் இல்லண்ணே. கிருமி ஒண்ணும் கிடையாது. பழைய ஜாகா கெட்டவன் மூஞ்சியை மட்டும்தான் பாத்துச்சு. புது ஜாகா ஒவ்வொரு புரோகிராமுக்கும் கடைக்காரன் குடுத்த போட்டோவைக் கையில வச்சிருக்கு. நான் பேருக்காக மாத்துனேன்ல? போட்டோவும் ஆளும் ஒத்துப்போவல.”

இழுப்பறை இன்னும் திறந்தே இருந்தது. பாஸில் இரட்டை ஜடை. எதிரே நின்றவருக்குக் காது மூடுகிற அளவுக்குத்தான் முடி வளர்ந்திருந்தது.

“மொட்டைக் கேஸா?” என்றேன்.

கண்ணில் தண்ணீரோடு சிரித்துவிட்டார். “அதேதாண்ணே.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“வெளி டிஸ்கெட் கொண்டாந்தியா இல்லையான்னு மட்டும் கேட்டாரு. கொண்டாந்தேன்னேன். பொய் சொல்ல முடியுமா?”

ஜாகா வாசலை விட்டுப் போகக்கூடாது. போனால் என் வேலையும் போகும். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். வெளியே ஒரு லாரி வந்து நின்று, “ஓய் ஜாகா, பூக்கா லா!” என்று ஹார்ன் அடித்தது. திறக்காமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

“கேற்றை விட்டிட்டு வந்தனீரோ?” என்றார் கிராணியார். நம்ப முடியாதவர்போல என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பூட்டிட்டு வந்தேங்கய்யா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். இவங்க மொட்டையோட வந்தப்ப நான் நிறுத்துனேன். நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“தலையைப் பாக்காதே, ஆளைப் பாருன்னீங்க. அன்னைக்கு நான் செஞ்ச வேலையைத்தான் உள்ள இருக்கிற ஜாகா இன்னைக்குச் செய்யுதுங்கய்யா.”

லாரிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். பெயர்களைச் சரியாக்கத் தான்தான் புரோகிராமை மாற்றியதாக அக்கா சொன்னார். கிராணியார் அக்காவைப் பார்த்தார். “சரி பிள்ளை, முதல்ல அசலைப் போட்டுக் காட்டும்.”

அக்கா அசல் டிஸ்கெட்டைப் போட்டார். ஜாகா ஒரே ஒரு பீப் சொல்லி விட்டுவிட்டது. “பாரும், இதிலை ஒரு குறையும் இல்லையே” என்றார் கிராணியார்.

“ஒரு பேரை அடிச்சுப் பாருங்க சார். உங்க பேரையே அடிங்க” என்றார் அக்கா.

அதிகாரிகள் பஞ்ச் கார்டு அடிப்பதில்லை. அதனால் அவர் பெயர் அந்தப் புரோகிராமுக்குள் ஒரு நாளும் போனதில்லை. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். பிரிண்டர் கரகரவென்று இழுத்து ஒரு கார்டைத் தள்ளியது. அவர் பெயர், பக்கத்தில் ஒரு ஏ. அவ்வளவுதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கார்டைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார்.

“என்ர அப்பர் எங்கை?” என்றார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். “எல்லாருக்கும் இப்பிடித்தான் வந்ததோ?”

“சாய்கோடு இருக்கிறவங்களுக்கு மட்டும் சார்.”

கடைக்கு மறுபடி போன் போட்டார். ஆங்கிலத்தில் பேசியதில் ‘என் பொறுப்பு’ என்று இரண்டு தடவை சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது. பிறகு மாற்றிய புரோகிராமைத் திறக்கச் சொன்னார். திரை சிவந்தது, ஜாகா கத்தியது. ‘இந்த மாற்றத்தை ஏற்கலாமா’ என்று அது கேட்கிற இடத்தில் தன்னிடம் மட்டும் இருந்த ரகசியச் சொல்லைத் தட்டி, ஆம் என்று அழுத்தினார். ஒரு பீப். பெயர்கள் வரிசையாக இறங்கின, அப்பன்மார் பெயரோடு.

அக்காவிடம் அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “இனி எதை மாத்தினாலும் எழுதி என்னட்டைத் தாரும். நானும் வாசிச்சுப் பார்க்கிறன்” என்றார். வேலை நிரந்தரமான கடிதத்தைப் பிறகு அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. வேலை நேரத்தில் வாசலைப் பூட்டிவிட்டுப் போனதற்கு எச்சரிக்கை. அது நியாயம்தான்.

அன்றைக்கு வாசலுக்குத் திரும்பியதும் முதலில் லாரிக்காரனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு இழுப்பறையிலிருந்து பாஸை எடுத்தேன். படத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். “போலாம்க்கா” என்றேன். சில வருடத்தில் அவர் கல்யாணமாகி ஜோகூர் பக்கம் போய்விட்டார். தகவல் இல்லை.

ஜாகா நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளா. நிறுத்தத்தான் வேண்டும், அது அவன் வேலை. நிறுத்திய பிறகு யார், எங்கிருந்து, என்ன மாறியது என்று கேட்க வேண்டும். கேட்காமல் கை நீட்டிப் பாஸை வாங்கியவன் நான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பொறுக்கச் சொன்னேன். பெரியவள் தேடிப் படித்துவிட்டு, “பிரவுசரும் அன்னைக்கேதான் மாறியிருக்குப்பா, புதுசை ஆன்டிவைரஸுக்கு இன்னும் அடையாளம் தெரியல” என்றாள். சரியான இடத்திலிருந்து வந்ததுதானா என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தாள். திறந்தது.

கார்டுகளை மறுபடி கட்டி டின்னில் வைத்துவிட்டேன். முதல் கார்டில் ஏ-க்குப் பிறகு வெறும் மஞ்சள் அட்டை. இரண்டாவதில் அதே இடத்தில் என் அப்பா இருக்கிறார்.