ஒரே குடைக்குள் இரண்டு நிருபர்கள்

இன்று காலை அம்பத்தூர் ஸ்டேஷன் எதிரே சவரக்கடையில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் பாதி சோப்பு.

பின்னால் பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் கதர்க்காரர். மற்றவர் வெள்ளைக்கார சர்க்கார் தரும் ராவ்பகதூர் பட்டத்துக்குக் காத்திருக்கும் மிராசுதார். ஆளுக்கொரு பத்திரிகை.

கதர்க்காரர் உரக்கப் படித்தார்: "நேற்று மாலை அம்பத்தூர் மைதானத்தில் சுயராஜ்யப் பொதுக்கூட்டம். ஜனசமுத்திரம் அலைமோதியது."

மிராசுதார் தன்னுடையதைப் படித்தார்: "கூட்டத்துக்கு ஆளே இல்லை. பேச்சாளர் காலி பெஞ்சுகளுக்கு உபதேசம் செய்துவிட்டுப் போனார்."

கத்தியைத் தீட்டிக்கொண்டே கடைக்காரர் என்னைக் கேட்டார். "நீ போயிருந்தியே நைனா, இன்னா நடந்துச்சு?"

"கூட்டமே நடக்கலண்ணே. மழை புடிச்சிகினு பந்தலு சாஞ்சி பூட்ச்சி. பேச வேண்டியவரு ரயில உட்டு எறங்கவே இல்ல. இந்த ரெண்டு பேப்பர் நிருபருங்களும் ஒரே குடைக்குள்ள ஸ்டேஷனுக்கு ஓடினாங்க. நான் பார்த்தேன்."

கதர்க்காரர் நெகிழ்ந்துபோனார். "அந்த மழையிலயும் ஜனங்க அசையல பாரு!"

மிராசுதார் சிரித்தார். "மழைக்கே பயந்துகினு வராதவங்களுக்கு இன்னாத்துக்குய்யா சுயராஜ்யம்?"

கடைக்காரர் கத்தியை என் கழுத்தில் வைத்தார். "நீ எந்தப் பேப்பர் படிக்கிறே?"

"எதுவும் படிக்கறதில்லண்ணே."

"அதானே பார்த்தேன். பேப்பரே படிக்காம இன்னாத்த பேசிகினு கீறே?"

கழுத்தில் கத்தி இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

நேற்று அந்த மைதானத்தில் என்னோடு நனைந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்தப் பேப்பர் வாங்குகிறவர் என்பதை முதலில் சொல்லிவிடவும். இங்கே மழையை அப்புறம்தான் விசாரிக்கிறார்கள்.