வெள்ளிக்கிழமைப் படத்துக்கு ஒரு பிளேயர்

குவைத்துக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரர் தன் லேப்டாப்பில் இருந்த படங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்து என்னுடையதில் ஏற்றினார். அறுபது படத்துக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் தெலுங்கும் தமிழும் சேர்ந்தே இருக்கிறது என்றார்.

"நீ உன் பாஷையில பாரு, நான் என் பாஷையில பாக்கறேன். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஒரே டைம்ல போடலாம்."

நான் ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் நகரிக்காரி. நைனா பவர்லூம் ஓட்டுகிறார். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை. ரிப்போர்ட் பிரிண்ட் எடுப்பேன், கேட்பவர்களுக்கு சிடி போட்டுத் தருவேன். அங்கே ஏசி ரிப்பேர் பார்க்க வந்தவர்தான் இவர். காளஹஸ்தி ஆள், வீட்டில் தெலுங்கு. எங்கள் பேச்சு பாதி அதுவும் பாதி இதுவுமாகத்தான் இருக்கும். இங்கே முழுக்கத் தமிழாகவே எழுதுகிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவருக்குக் குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மாடிப் போர்ஷனிலேயே தங்கிவிட்டேன்.

திருப்பதியில் ஜனத்துக்குக் குறைவே இல்லை. தெருவில் இறங்கினால் மொட்டைத் தலைகளும் லட்டுப் பைகளும். ஆனால் நேற்றுப் பார்த்த முகத்தை இன்று பார்க்க முடியாது. எல்லாரும் ஒருநாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள்.

தினமும் அவர் போன் செய்வார். சாப்பிட்டியா, என்ன குழம்பு, அங்கே வெயில் எப்படி, உடம்பு பரவாயில்லையா. பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். யார் முதலில் "வச்சிடட்டுமா" என்று கேட்பது என்பதுதான் சங்கடம். அதனால் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அங்கே அன்று லீவு. நான் சென்டரிலிருந்து ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டால் அவருக்கு மணி நாலரைதான்.

முதல் வெள்ளிக்கிழமை ஒன்றும் சரியாக வரவில்லை. என் லேப்டாப்போடு வந்த பிளேயரில் படம் தெலுங்கில்தான் திறந்தது. தமிழுக்கு மாற்ற வழி தெரியவில்லை. எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும், ஆனால் சினிமாவில் பேசும் வேகத்துக்குப் பாதி ஜோக் கைநழுவிப் போகும். அவர் லேப்டாப்பில் ரூம்காரர் ஒருவர் வேறு ஏதோ பிளேயர் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று காட்டியது. என்னுடையதில் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டியது. எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லவே முடியவில்லை. நான் சண்டைக் காட்சியில் இருக்கும்போது போனில் அவர் சிரிப்பார். நான் அந்த ஜோக்குக்கு வருவதற்குள் அவர் அடுத்த சீனுக்குப் போயிருப்பார்.

அடுத்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் சென்டர் கம்ப்யூட்டரில் பிளேயர் தேடினேன். எக்ஸ்ரே எடுக்கும் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் பாக்கறதுக்கு இம்மாம் ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கியே," என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கணும் அக்கா."

மூன்று பிளேயரை பென்டிரைவில் எடுத்துப்போய் வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்று பார்க்க அழகு; ஆனால் அடியில் வரும் தமிழ் சப்டைட்டில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. இன்னொன்று நடுநடுவே விளம்பரத்தைத் திறந்தது. மூன்றாவதன் அடையாளம் ஒரு ஆரஞ்சு கூம்பு. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருந்தது. ஆனால் ஒரு எழுத்தைத் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் தெலுங்கு. எத்தனையாவது நிமிஷம் என்று எழுதிக் கொடுத்தால் நேராக அங்கேயே போய் நின்றது. எனக்கு அது போதும்.

அவருக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன்.

"கூம்பு மாதிரி ஒண்ணு தெரியுதா?"

"ரோடு வேலை நடக்கற இடத்துல வைப்பாங்களே, அதா?"

"அதேதான். அதை ரெண்டு தரம் அழுத்துங்க."

அன்றிலிருந்து சரியானது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் வைப்பேன். மூன்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் தட்டுவோம். சில சமயம் நான் சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டால், "கொஞ்சம் குறை, உன் தமிழ் வந்து என் தெலுங்குல விழுது," என்பார். நடுவில் லைன் கட்டானால் மறுபடி கூப்பிட்டு, எத்தனையாவது நிமிஷம் என்று சொல்லிச் சேர்ந்துகொள்வோம். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. இரண்டரை மணி நேரம் போனை வைக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்றிருந்தது.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவரே, "சத்தத்தைக் கொஞ்சம் ஜாஸ்தி வை," என்றார். ஏன் என்று கேட்டேன். "கேக்க நல்லா இருக்கு," என்றார். நானும் வைத்தேன். அதிலிருந்து அவர் சிரிப்பு எப்போதும் என் சிரிப்புக்குச் சற்றுப் பின்னால்தான் வந்தது. நெட் மெதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் படம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. என் லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று. வயரைப் பிடுங்கினாலே அணைந்துவிடும். இருட்டில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருந்தோம். "நீங்க பாத்துக்கினு இருங்க, கரண்ட் வந்ததும் நான் அங்க வந்துடறேன்," என்றேன். சரி என்றார். கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. லேப்டாப்பைப் போட்டேன்.

"இப்ப எத்தனையாவது நிமிஷத்துல இருக்கீங்க?"

"நீ எங்க விட்டியோ அங்கேயே வை."

"நான் நிமிஷத்தைப் பாக்கறதுக்குள்ளதான் அணைஞ்சிடுச்சே. நீங்க சொல்லுங்க."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். வினாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்கிட்ட லேப்டாப் இல்லை," என்றார்.

"இல்லைன்னா?"

"மேல் கட்டில்ல வச்சிருந்தேன். விழுந்துடுச்சு. மூணு மாசம் ஆச்சு."

"மூணு மாசமா இன்னா பண்ணீங்க?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மூன்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு படம் பார்த்திருப்பேன். அந்தச் சேலை நல்லா இருக்கு பாத்தீங்களா என்று கேட்டிருக்கிறேன். ஆமா என்றிருக்கிறார். அவன் முழியைப் பாருங்க என்றிருக்கிறேன். அதற்கும் ஆமா. அந்த நேரமெல்லாம் அவர் ஆறு பேர் படுக்கும் ரூமில், கீழ்க் கட்டிலில், மேல் கட்டிலின் பலகையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். நான் திருப்பதியில் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இருப்பதாக நினைத்துப் பேசியிருக்கிறேன்.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். என் குரல் கோபமாகத்தான் இருந்திருக்கும்.

"சொன்னா நீ தனியா பாக்க மாட்டே. வெள்ளிக்கிழமையும் பத்து நிமிஷத்துல போனை வச்சிடுவோம்."

அன்று படத்தைத் தொடரவில்லை. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். பொய் சொல்லிவிட்டாரே என்பதற்காக இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்ததே, அதற்காக.

அடுத்த வெள்ளிக்கிழமை எழுத்தைத் தட்டித் தெலுங்குக்கு மாற்றினேன். அடியில் தமிழ் எழுத்தைப் போட்டுக்கொண்டேன். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வசனம் இல்லாத இடங்களில் மட்டும் நான் சொன்னேன்: இப்ப அவ கதவைத் திறக்கறா, உள்ள யாரும் இல்லை, மேஜை மேல ஒரு லெட்டர் இருக்குது. அவர் ஊம் ஊம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படிப் பார்த்த நாலு படம்தான் நாங்கள் உண்மையில் சேர்ந்து பார்த்த படங்கள் என்று எனக்குத் தோன்றும். ஐந்தாவதுக்குள் அவர் கம்பெனியில் வெள்ளிக்கிழமையும் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

போன வருஷம் இரண்டு மாத லீவில் வந்தார். பாதி நாள் காளஹஸ்தியில், பாதி நாள் நகரியில் சொந்தக்காரர் வீடுகளில் போயிற்று. கடைசி வாரத்தில்தான் திருப்பதி வீட்டில் தனியாக இருந்தோம். ஒரு சாயங்காலம் லேப்டாப்பை நாற்காலி மேல் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எந்த மொழி வைக்கட்டும் என்று கேட்டேன். எதுவானாலும் சரி என்றார். தெலுங்கு வைத்தேன். கால் மணி நேரத்தில் என் தோளில் தலை சாய்ந்தது, தூங்கிவிட்டார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மீதியை நான் மட்டும் பார்த்தேன். தோள் மரத்துப்போனது. நகரவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவரோடு பேச வேண்டும் போல இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை.

கிளம்பும் நாளில் சென்னை ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். வண்டி புத்தூர் தாண்டி பிச்சாட்டூர் வந்தது. ஏரி தெரிந்தபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் தூங்கிட்டேனே அந்தப் படம், அதுல அப்புறம் இன்னா ஆச்சு?"

சொல்ல ஆரம்பித்தேன். ஊத்துக்கோட்டை வரைக்கும் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம், யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பது வரை நீட்டிச் சொன்னேன். அவரும் நடுவில் போனை எடுக்கவில்லை. கதை முடிந்தபோது, "நல்ல படம்தான்," என்றார்.

ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். வரிசையில் அவர் முதுகு தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. கோயம்பேடு வந்து திருப்பதி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் வேண்டுதலுக்குப் போகும் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"நீயும் கோயிலுக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா," என்றேன். "வீட்டுக்கு."