குரலுக்குக் கொடுக்காத எண்

ரப்பர் பேண்ட் சுற்றிய அந்தப் பட்டன் போன் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பின்மூடி எப்போதோ தொலைந்துபோனதால் பேட்டரி விழாமலிருக்க அந்த ரப்பர் பேண்ட். ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவிய அக்காவின் போன் அது. எங்கள் லைனில் ஏழெட்டுப் பெண்களின் சம்பளம் ஒரு காலத்தில் அதை நம்பித்தான் இருந்தது.

கான்ட்ராக்டில் சேர்ந்தபோது எல்லோருக்கும் ஒரே நாளில் பேங்க் கணக்கு திறந்தார்கள். மொபைல் எண் கேட்டதும் முழித்தோம். பலரிடம் போனே கிடையாது. இருந்தவர்களும் சலுகைக்காக அடிக்கடி சிம் மாற்றுகிறவர்கள். எண்ணை மாற்றாதவர் அக்கா ஒருவர்தான். ஆளாளுக்கு அவர் எண்ணையே கொடுத்துவிட்டு வந்த புத்திசாலிகள் நாங்கள். கணக்கில் எதைத் தொட்டாலும் ஓடிபி அவர் போனுக்குப் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா அலுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்குக்கு உரியவள் நேரில் வந்து நின்றால்தான் வந்த ஓடிபியைக் காட்டுவார்.

ஒருமுறை என் மகளுக்குக் காய்ச்சல் முற்றி, காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். கணக்கில் சம்பளம் இருந்தது. கையில் இருந்ததோ புது ஏடிஎம் கார்டு. மருத்துவமனை வாசல் ஏடிஎம்மில் அதற்கு ரகசிய எண் போட ஓடிபி வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் போன் வாங்கி, ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவை அழைத்து அழுதேன்.

"கொரலுக்கெல்லாம் நம்பர் சொல்ல மாட்டேன். போன மாசம் எவளோ ஒருத்தி இப்டித்தான் அழுதுகினு கேட்டா. எந்த ஆஸ்பத்திரி, அத்த சொல்லு."

சொன்னதும் வைத்துவிட்டார். அன்று அவரை நான் மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது. மகள் மடியில் கொதித்துக்கொண்டிருந்தாள். அப்போது வாலாஜாபாத் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து, கேன்டீன் ஏப்ரனோடு அக்கா வந்து நின்றார். அன்றைய ஷிப்ட் போயிற்று. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை நீட்டினார்.

"இப்ப கார்டைப் போடு. கோச்சுக்கினியா? கோவம் வந்தா போயிடும். துட்டு போனா வராது."

படுக்கை கிடைத்தது. மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், என்னையே எதிர்த்துப் பேசுகிறாள்.

கணக்கு என் பெயரில் இருந்தால் பணம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அது அக்காவின் நேர்மையில் பத்திரமாக இருந்திருக்கிறது. அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? அதனால்தான் லீவு போட்டு ஒவ்வொருத்தியாக பேங்குக்குக் கூட்டிப்போய் அவரவர் சொந்த எண்ணுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

கண் மங்கி, அக்கா வாலாஜாபாத்தில் இருக்கும் தன் மகள் வீட்டோடு போனபோது இன்னும் இரண்டு பேர் பாக்கி. "அதுங்க மாத்துற வரைக்கும் நீயே வெச்சிக்க" என்று போனைத் தந்துவிட்டார். அவர் கணக்கும் அதே எண்ணில்தான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இன்று காலை அக்கா தன் மகளின் போனிலிருந்து அழைத்தார். கண் ஆபரேஷனுக்குப் பணம் எடுக்க வேண்டுமாம். "உன்கிட்ட ஒரு நம்பர் வந்துகீதா பாரு. படி."

வந்திருந்தது. குரலும் அவருடையதுதான், துளியும் சந்தேகமில்லை.

"கொரலுக்கெல்லாம் சொல்ல மாட்டேன்க்கா. மூஞ்சியப் பாக்கணும்."

"கொழம்பு வெக்கிறேன். சாப்பாட்டுக்கு வந்துடு" என்றார்.

வாலாஜாபாத் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். பையிலிருந்து போனை எடுத்து, ரப்பர் பேண்டை இன்னொரு சுற்று சுற்றி வைத்தேன்.