தப்பித்துத் தோற்றோம்

சீசன் வேலைக் களைப்பு தீரட்டும் என்று கொடைக்கானல் வந்திருக்கிறோம். நான், வீட்டுக்காரர், நாத்தனார் எஸ்தர். மூவருக்கும் தாயில்பட்டியில் ஒரே பட்டாசு கம்பெனியில்தான் வேலை.

வெளியே விடாத மழை. பேசாமல் படுத்துத் தூங்கியிருக்கலாம். இவர்தான் எஸ்கேப் ரூம் போவோம் என்றார். ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். உள்ளே இருக்கிற புதிர்களுக்கு விடை சொல்லி, சாவியைக் கண்டுபிடித்து வெளியே வர வேண்டுமாம்.

கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் வெறுங்காலோடு போகிற பழக்கத்தில் மூவரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டோம்.

கதவைப் பூட்ட வந்த பெண்ணிடம் எஸ்தர் கேட்டாள், "ஏம்மா, இன்னொரு கதவு எங்கன இருக்கு?"

"பின்னாடி இருக்குக்கா. அவசரத்துக்கு மட்டும்தான்."

முதல் புதிரை வாசிக்கும்போதே மேசைக்கு அடியிலிருந்து புகை வந்தது. கூடவே டமார் என்று ஒரு சத்தம்.

வெறுங்காலோடு பின்கதவு வழியாக ஓடி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய்த்தான் நின்றோம். அங்கே வைத்துத்தான் இவர் எங்கள் இருவர் தோளையும் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பெண் குடையோடு ஓடிவந்தாள். "அக்கா, அது ஸ்பீக்கர்ல போட்ட சத்தம்! இப்படி வெளிய வந்துட்டா தோத்ததாத்தான் கணக்கு."

எஸ்தருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "தோத்தா தோத்துட்டுப் போறோம் தாயி. செருப்பை மட்டும் எடுத்துத் தா."

லாட்ஜ் அறைக்குத் திரும்பி, போர்வைக்குள் இருந்தபடி இதை எழுதுகிறேன். தப்பிக்கிற விளையாட்டில் தப்பித்து வந்ததற்காகத் தோற்றவர்கள் நாங்கள்தான்.

நம்ம ஊர்க்காரர்களே, உண்மையைச் சொல்லுங்கள். உங்களில் யார் உள்ளே நின்று சாவி தேடியிருப்பீர்கள்?